லினக்ஸ் சன்னல் திரைக்கு வரவில்லையா? லைசென்ஸ் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

மேசையில் விண்டோஸ் கணினி. லினக்ஸ் சர்வர் வேறு ஏதோ அறையில், சில சமயம் வேறு நாட்டில். அங்கே ஓடும் மென்பொருளின் சன்னல் மட்டும் இங்கே நம் திரையில் தெரிய வேண்டும். சிப் வடிவமைப்பு, பொறியியல் கணக்கீடுகள், ஆரக்கிள் இன்ஸ்டாலர் என்று இதற்கான தேவை இன்னும் தீரவில்லை.

சன்னல் வராத அன்று அலுவலகத்தில் முதலில் காதில் விழும் பேச்சு ஒன்றுதான். "இலவசம்னா இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்." வாங்குவது தப்பில்லை. கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியோடும், காசு செலவழித்தால் அது தீருமா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிபெயர்த்துத் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம்.

முதலில் பெயர்க் குழப்பம். தூரத்து மென்பொருளின் சன்னலை நம் திரைக்குக் கொண்டுவரும் இந்த ஏற்பாட்டின் பெயர் எக்ஸ். எக்ஸ் உலகில் 'சர்வர்' என்பது உங்கள் மேசையில் இருப்பது. திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் வைத்திருந்து மற்றவர்களுக்குத் தருவதால் அந்தப் பெயர். தூரத்துக் கணினியில் ஓடும் மென்பொருள்தான் 'கிளையன்ட்'. 1984இல் எம்ஐடியில் பிறந்த ஏற்பாடு இது. இன்று நாம் பேசும் எக்ஸ்11 என்ற நெறிமுறை 1987இல் வந்தது. விசிஎக்ஸ்சர்வ், சிக்வின் எக்ஸ் ஆகிய இலவச சர்வர்கள் பேசுவதும் அதே மொழி, எக்ஸீட், எக்ஸ்-வின்32, ரிஃப்ளெக்ஷன் எக்ஸ் என்ற வணிக சர்வர்கள் பேசுவதும் அதே மொழி. எக்ஸ்மிங் என்ற இன்னொரு எக்ஸ் சர்வரில் எல்லாரும் இலவசமாக இறக்கும் பதிப்பு 2007ஆம் ஆண்டின் 6.9.0.31. அதற்குப் பிந்தையவை நன்கொடை கொடுத்தவர்களுக்கு. மோபாஎக்ஸ்டெர்ம் இரண்டுக்கும் நடுவில்: வீட்டுப் பதிப்பு இலவசம், ஆனால் 12 செஷன்களுக்கு மேல் சேமிக்க விடாது.

சோதனைக்கு எப்போதும் எக்ஸ்க்ளாக் என்ற குட்டிக் கடிகாரத்தை ஓட்டுங்கள். டெபியன், உபுண்டுவில் எக்ஸ்11-ஆப்ஸ் பொதியில் கிடைக்கும். கடிகாரம் வந்துவிட்டால் பாதை சரி, கோளாறு உங்கள் மென்பொருளில். கடிகாரமே வரவில்லை என்றால் அந்தப் பெரிய மென்பொருளை நோண்டிப் பயனில்லை.

## 'கேன்ட் ஓபன் டிஸ்ப்ளே' என்கிறது

பாதிப் பேர் வந்து நிற்கும் இடம் இது. தூரத்துக் கணினியில் 'எக்கோ டாலர் டிஸ்ப்ளே' என்று தட்டி (டிஸ்ப்ளே முழுக்கப் பெரிய எழுத்து) என்ன வருகிறது என்று பாருங்கள். சன்னல் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மாறி இது.

ஒன்றுமே வராமல் வெற்று வரி வந்தால், உங்கள் எஸ்எஸ்எச் இணைப்பில் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி அது) எக்ஸ்11 ஃபார்வர்டிங், அதாவது சன்னலை அதே இணைப்பின் வழியே அனுப்பும் ஏற்பாடு, அமையவில்லை. நீங்கள் கேட்காமல் இருந்திருக்கலாம். புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளில் கனெக்ஷன், எஸ்எஸ்எச், எக்ஸ்11 என்று உள்ளே போய் டிக் போட வேண்டும், அதுவும் இணைப்பைத் திறப்பதற்கு முன். கட்டளையாகத் தட்டுபவர்கள் எஸ்எஸ்எச்சோடு பெரிய எக்ஸ் சேர்க்க வேண்டும். சின்ன எக்ஸ் சேர்த்தால் அதற்கு நேர் எதிர்ப் பொருள், ஃபார்வர்டிங்கை அணைத்துவிடு என்று. இதில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டும் தூரத்து லினக்ஸ் சர்வர் மறுத்திருக்கலாம். அங்கே எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் 'எக்ஸ்11ஃபார்வர்டிங் யெஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். மாற்றினால் சேவையை மறுபடி தொடங்கி, வெளியே வந்து புதிதாக உள்ளே போங்கள்.

இரண்டும் சரி என்றால், தூரத்துக் கணினியில் எக்ஸுக்கான அனுமதியைக் கையாளும் எக்ஸ்ஆத் என்ற சின்ன நிரல் இல்லாமல் இருக்கும். திரை எதுவும் தேவையில்லை என்று குறைந்தபட்சமாக நிறுவிய சர்வர்களில் இதுதான் வழக்கமான காரணம். ரெட்ஹேட் வகையில் எக்ஸ்ஆர்க்-எக்ஸ்11-எக்ஸ்ஆத், டெபியன் வகையில் வெறும் எக்ஸ்ஆத். நிறுவியதும் திறந்துவிடும்.

நான்காவது ஒன்று அரிது, ஆனால் மாட்டினால் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். பாதுகாப்பு என்று சொல்லி யாரோ தூரத்து சர்வரில் ஐபிவி6 என்ற புது வகை இணைய முகவரி முறையை அணைத்திருப்பார்கள். எஸ்எஸ்எச் சேவையால் எக்ஸுக்கான இடத்தைப் பிடிக்க முடியாமல் போய், பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எழுதிவிட்டு அது மௌனமாக இருந்துவிடும். கான்ஃபிக் கோப்பில் 'அட்ரஸ்ஃபேமிலி இனெட்' என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகும்.

இப்போது எதிர் நிலை. டிஸ்ப்ளே காலியாக இல்லை, ஏதோ ஓர் ஐபி முகவரி நிற்கிறது. எஸ்எஸ்எச் தானாக வைக்கும் மதிப்பு 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' போல இருக்கும். வேறு எதுவும் இருந்தால் பாஷ்ஆர்சி என்ற தொடக்கக் கோப்பைத் திறந்து பாருங்கள். எஸ்எஸ்எச்சுக்கு முந்தைய டெல்நெட் காலத்தில் அந்த வரியைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும், அந்தப் பழக்கம் கோப்புக்குக் கோப்பு நகலாகி இன்றும் உயிரோடு இருக்கிறது. வேலை செய்த ஓரிடத்தில் அரை நாள் இதில் போனது. முன்பு அங்கிருந்த ஒருவர் தன் மேசைக் கணினியின் முகவரியை எல்லாருக்குமான தொடக்கக் கோப்பில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கணினி எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. எங்கள் சன்னல்கள் எல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தன. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கும் இதே நோய் வரும். இப்போது சன்னல்களைக் காட்டும் டபிள்யூஎஸ்எல்ஜி கூடவே வருவதால் தனி எக்ஸ் சர்வர் அவர்களுக்குத் தேவையில்லை. பழைய டிஸ்ப்ளே வரியை அழித்தாலே போதும்.

மதிப்பு சரியாக 'லோக்கல்ஹோஸ்ட்:10.0' என்றே இருந்தும் பிழை வந்தால், சரி, இப்போது உங்கள் மேசைப் பக்கம் வாருங்கள். எக்ஸ் சர்வர் ஓடுகிறதா? கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் சின்னம் இருக்கிறதா? மோபாவும் விசிஎக்ஸ்சர்வும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் முதலில் வந்தது 0 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளும், அடுத்தது 1க்குப் போயிருக்கும். 0 என்றால் போர்ட் 6000, 1 என்றால் 6001. புட்டி எந்த எண்ணைத் தேடுகிறது என்று பார்த்து இரண்டையும் ஒத்துப்போகச் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் எஸ்எஸ்எச்சைப் பயன்படுத்துபவர்கள், இணைக்கும் முன் தங்கள் பக்கத்திலேயே டிஸ்ப்ளே மாறிக்கு '127.0.0.1:0.0' என்று மதிப்பு கொடுத்துவிட்டு, பெரிய எக்ஸுக்குப் பதில் பெரிய ஒய் போடுங்கள்.

காசு கொடுத்தால் தீருமா? தீராது. மேலே சொன்னதில் பெரும்பாலானவை அந்தப் பக்கக் கோளாறு. எவ்வளவு விலை உயர்ந்த எக்ஸ் சர்வரும் தூரத்தில் எக்ஸ்ஆத்தை நிறுவித் தராது.

## எனக்கு வருகிறது, சூடோ போட்டால் வரவில்லை

கடிகாரம் அழகாக ஓடும். சூடோ போட்டு ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, மாறியதும் 'ராங் ஆத்தென்டிகேஷன்' என்று துரத்தும். காரணம் எளிது. நீங்கள் உள்ளே நுழைந்தபோது எஸ்எஸ்எச் ஒரு ரகசியக் குக்கீயை உங்கள் வீட்டு அடைவில் டாட்-எக்ஸ்அத்தாரிட்டி என்ற கோப்பில் எழுதி வைத்தது. ரூட்டின் வீட்டில் அது இல்லை. அனுமதிச் சீட்டு உங்கள் பையில், வாசலில் நிற்பது வேறு ஆள்.

மாறுவதற்கு முன் 'எக்ஸ்ஆத் லிஸ்ட் டாலர் டிஸ்ப்ளே' என்று தட்டி, வரும் வரியை நகல் எடுங்கள். ரூட்டாக மாறிய பின் 'எக்ஸ்ஆத் ஆட்' என்று எழுதி அந்த வரியை ஒட்டுங்கள். டிஸ்ப்ளே மதிப்பும் அங்கே அதேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் ஸ்நாப் பொதியாக வரும் உலாவிகள் சூடோ இல்லாமலே இதே பிழையைக் காட்டும். எக்ஸ்அத்தாரிட்டி என்ற சூழல் மாறியில் அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில் யாராவது 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' போடச் சொல்வார்கள், அல்லது விசிஎக்ஸ்சர்வில் 'டிசேபிள் ஆக்சஸ் கன்ட்ரோல்' பெட்டியில் டிக் போடச் சொல்வார்கள். போடாதீர்கள். பயர்வாலும் திறந்திருந்தால், அதே நெட்வொர்க்கில் உள்ள யாரும் உங்கள் திரையைப் பார்க்கலாம், நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் படிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், எஸ்எஸ்எச் வழியாக வரும்போது அந்த டிக் இந்த நோயைக் குணப்படுத்தவும் செய்யாது. குக்கீயை முதலில் சரிபார்ப்பது எஸ்எஸ்எச்தான், எக்ஸ் சர்வர் வரைக்கும் விஷயம் போவதே இல்லை.

நேற்று வரை வந்தது, இன்று யாருக்கும் தெரியாமல் நின்றுவிட்டது என்றால் வீட்டு அடைவின் கொள்ளளவைப் பாருங்கள். ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் குக்கீயை எழுத முடியாது. அல்லது டாட்-எக்ஸ்அத்தாரிட்டியின் பெயரோடு முடிவில் கழித்தல் குறியும் சி அல்லது எல் எழுத்தும் உள்ள பூட்டுக் கோப்புகள் மீந்திருக்கும். அவற்றை அழித்துவிடுங்கள். இதற்கும் காசுக்கும் சம்பந்தம் இல்லை.

## இருபது நிமிடம் கழித்துப் புதுச் சன்னல் திறப்பதில்லை

லினக்ஸ் அல்லது மேக்கில் இருந்து பெரிய எக்ஸ் போட்டு இணைத்திருப்பீர்கள். அது நம்பிக்கை குறைந்த இணைப்பு. முன்னிருப்பாக அதன் அனுமதிக்கு 20 நிமிடம்தான் ஆயுள், அதற்குப் பிறகு வரும் புது இணைப்புகள் மறுக்கப்படும். அந்த சர்வரை நீங்கள் நம்புவதாக இருந்தால் பெரிய ஒய் போடுங்கள், இல்லையென்றால் ஃபார்வர்ட்எக்ஸ்11டைம்அவுட் மதிப்பைக் கூட்டுங்கள். டெபியனும் உபுண்டுவும் இரண்டையும் ஒன்றாகவே நடத்துவதால் அங்கே இருப்பவர்களுக்கு இந்த அனுபவமே வந்திருக்காது. "எனக்கு வேலை செய்யுதே" என்று அவர்கள் சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள்.

## எல்லாம் வருகிறது, ஆனால் ஆமை வேகம்

மெனுவைத் தொட்டால் மூச்சு வாங்கிவிட்டு விரிகிறது. இலவச மென்பொருள் மீது மிக அதிகமாகப் பழி விழுவது இதற்குத்தான், மிகக் குறைவாக நியாயம் இருப்பதும் இதில்தான்.

முதலில் பிங் என்ற கட்டளையைப் போட்டு, ஒரு செய்தி அங்கே போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரே கட்டடத்துக்குள் போய்வரும் நேரம் 1 மில்லி விநாடிக்கும் கீழே. கடல் கடந்தால் 200ஐத் தாண்டுவது சாதாரணம். எக்ஸ் கிளையன்ட் சர்வரிடம் சளசளவென்று கேள்வி கேட்கும். இந்த நிறம் இருக்கிறதா, இந்தச் சன்னல் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு பெட்டியைத் திறக்க 50 தடவை இப்படிக் காத்திருக்கும் மென்பொருள் என்று வையுங்கள். 200 மில்லி விநாடிப் பாதையில் அது 10 விநாடி. உள்ளூரில் அதே 50 கேள்வியும் கண் இமைக்கும் முன் முடிந்துவிடும். அகன்ற இணைப்பு வாங்கினாலும் இது குறையாது, தூரம் அப்படியேதான் இருக்கிறது. எஸ்எஸ்எச்சின் பெரிய சி என்ற சுருக்கும் விருப்பம் மெல்லிய இணைப்புக்கு உதவும், தூரத்துக்கு உதவாது.

நான் இருந்த ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டு சர்வரில் வேலை பார்த்த குழு இதே புகாரோடு வந்தது. விசிஎக்ஸ்சர்வைத் தூக்கிவிட்டு வணிக எக்ஸ் சர்வர் ஒன்றுக்கு ஆளுக்கு ஒரு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். மெனு அதே வேகத்தில்தான் விரிந்தது. அந்த மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கேள்விகளெல்லாம் இன்னமும் கடலைக் கடந்து போய் வந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விகளைக் கடல் கடக்க விடாமல் நிறுத்தினால்தான் இது தீரும். எக்ஸ் சர்வரையே தூரத்துக் கணினியில், மென்பொருளுக்குப் பக்கத்திலேயே ஓட்டிவிட்டு, வரைந்து முடிந்த படத்தை மட்டும் இங்கே அனுப்பும் வகைகள் இருக்கின்றன. டைகர்விஎன்சியும் எக்ஸ்ப்ராவும் இலவசம். நோமெஷின் நிறுவனத்தின் என்எக்ஸ் தொழில்நுட்பம் வேறு வழியில், போய்வரும் கேள்விகளை வழியிலேயே குறைத்துவிடும். அதன் 3ஆம் பதிப்பு வரையிலான அடிப்படை நூலகங்கள் திறந்த மூலமாக இருந்தன, அவற்றின் மேல் எழுந்ததுதான் இலவச எக்ஸ்2கோ. 4ஆம் பதிப்பிலிருந்து நோமெஷின் மூலநிரலை மூடிக்கொண்டது. காசு கொடுக்கும் பக்கத்தில் எக்ஸீட் டர்போஎக்ஸ், ஃபாஸ்ட்எக்ஸ் இருக்கின்றன. தின்லின்க் என்ற வணிகப் பொருளை ஒரே நேரத்தில் 10 பேர் வரை காசில்லாமலே பயன்படுத்தலாம். சிறிய குழு என்றால் நான் முதலில் அதையும் எக்ஸ்2கோவையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பேன்.

ஆக, காசு கொடுத்தால் தீரலாம். ஆனால் வகையை மாற்றினால்தான். அதே வகையில் விலை கூடியதை வாங்கினால் தீராது.

## இணைப்பு அறுந்தால் மென்பொருளே செத்துவிடுகிறது

எக்ஸின் பிறவிக் குணம். சர்வரோடு இருந்த இணைப்பு போனால் கிளையன்ட் முடிந்துவிடும், சேமிக்காத வேலையும் போச்சு. சும்மா இருக்கும்போது மட்டும் அறுகிறது என்றால் நடுவில் உள்ள பயர்வால் வெட்டுகிறது என்று பொருள். புட்டியில் கீப்அலைவ் 60 விநாடி என்று வையுங்கள், கட்டளை வழியில் சர்வர்அலைவ்இன்டர்வல் 60. மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டில் போய்த் தொடர வேண்டும் என்பவர்களுக்கு, மேலே சொன்ன எக்ஸ்2கோ, எக்ஸ்ப்ரா, விஎன்சி வகைதான் ஒரே வழி. விட்ட இடத்திலேயே சன்னல்கள் காத்திருக்கும்.

## முப்பரிமாணப் படம் மட்டும் கறுப்பாக இருக்கிறது

டெர்மினலில் 'லிப்ஜிஎல் எரர்' என்று ஏதாவது வருகிறதா பாருங்கள். முப்பரிமாணப் படம் வரையும் ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை எக்ஸ் வழியே அனுப்பும் மறைமுக முறை ஒன்று உண்டு. எக்ஸ்ஆர்க் சர்வரின் 1.17 பதிப்பிலிருந்து, பாதுகாப்புக் காரணமாக அது முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கூட்டல் குறியோடு 'ஐஜிஎல்எக்ஸ்' என்று மேசையில் உள்ள எக்ஸ் சர்வரைத் தொடங்கினால் திறக்கும். விசிஎக்ஸ்சர்வில் 'நேட்டிவ் ஓப்பன்ஜிஎல்' டிக்கை எடுத்தும் போட்டும் ஒருமுறை பாருங்கள், சில மென்பொருள் ஒன்றில் ஓடும், சில மற்றொன்றில்.

அப்படியும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்த முறை பழைய ஓப்பன்ஜிஎல்லுக்கானது, புது மென்பொருளுக்குப் போதாது. தூரத்துக் கணினியிலேயே கிராஃபிக்ஸ் அட்டை இருக்க வேண்டும், அங்கேயே வரைந்து படமாக அனுப்ப வேண்டும். விர்ச்சுவல்ஜிஎல்லும் டர்போவிஎன்சியும் சேர்ந்த இலவச ஜோடி இதை நன்றாகவே செய்கிறது, அமைப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வணிக எக்ஸ் சர்வர்களில் முப்பரிமாண வசதி தனி விலையாக வந்ததும் உண்டு. எக்ஸீட் 3டி என்பது எக்ஸீடுக்கு மேல் சேர்த்து வாங்க வேண்டிய துணைப்பொருள்.

## தமிழ் எழுத்து கட்டங்கட்டமாகத் தெரிகிறது

விண்டோஸில் தமிழ் எழுத்துரு இருக்கிறதே, பிறகு ஏன்? புதிய மென்பொருள்கள் எழுத்தைத் தங்கள் பக்கத்திலேயே வரைந்து படமாக அனுப்புகின்றன. அதனால் எழுத்துரு இருக்க வேண்டிய இடம் லினக்ஸ் கணினி. அங்கே 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையோடு தமிழுக்கான டிஏ மொழிக் குறியைக் கொடுத்துப் பாருங்கள். பட்டியல் காலி என்றால் நோட்டோ சான்ஸ் தமிழோ லோகித் தமிழோ நிறுவி, மென்பொருளை மூடித் திறங்கள்.

மோட்டிஃப் என்ற பழைய சன்னல் கருவித்தொகுப்பின் காலத்து மென்பொருள் இதற்கு நேர்மாறு. அவை எழுத்துருவை உங்கள் மேசையில் உள்ள எக்ஸ் சர்வரிடம் கேட்கும். இல்லை என்றால் 'ஃபான்ட்ஸ்ட்ரக்ட்' என்ற சொல்லோடு எச்சரிக்கை வரும், பொத்தான்கள் தாறுமாறாக நிற்கும். சிக்வினில் 75, 100 டிபிஐ எழுத்துருப் பொதிகளைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். சன், எச்பி, ஐபிஎம் காலத்து எழுத்துருக்களையே கேட்டு அடம்பிடிக்கும் மென்பொருள் என்றால், அவற்றைக் கட்டித் தரும் எக்ஸீட் போன்ற வணிகப் பொருளுக்கு இங்கே உண்மையான பயன் இருக்கிறது.

## சின்னச் சின்னத் தொல்லைகள்

அடர்த்தி கூடிய திரையில் எழுத்து மங்கல் என்றால், விசிஎக்ஸ்சர்வ் நிரல்கோப்பின் பண்புகளில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய், அளவிடுதலை விண்டோஸிடமிருந்து பிடுங்கி அப்ளிகேஷனிடம் கொடுங்கள். மங்கல் போகும், எழுத்து எறும்பளவு ஆகும். பிறகு தூரத்தில் ஜிடிகே_ஸ்கேல் (நடுவில் வருவது 'டாக்' என்பதன் டி, 'டேபிள்' என்பதன் டி அல்ல) மாறிக்கோ, க்யூடி மென்பொருள் என்றால் க்யூடி_ஸ்கேல்_ஃபேக்டருக்கோ 2 என்று கொடுங்கள்.

நகல் எடுத்து ஒட்டினால் பழையதே வருகிறதா? எக்ஸில் இரண்டு கிளிப்போர்டு: மவுஸால் தேர்ந்தெடுத்தவுடன் நிரம்புவது ஒன்று, கன்ட்ரோல்-சி போட்டால் நிரம்புவது இன்னொன்று. விசிஎக்ஸ்சர்வ் தொடக்கத்தில் 'பிரைமரி செலக்ஷன்' டிக்கை எடுத்துவிட்டால் குழப்பம் குறையும்.

## சரி, எப்போதுதான் வாங்குவது?

நூற்றுக்கணக்கான மேசைகளுக்கு ஒரே அமைப்பை மையமாகப் பரப்ப வேண்டும், கோளாறு வந்தால் தொலைபேசியை எடுக்க ஓர் ஆள் வேண்டும், தணிக்கையில் பாதுகாப்புத் திருத்தத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் காட்ட வேண்டும் என்றால் வாங்குங்கள். அங்கே நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பொறுப்புக்கு. வாங்கும் முன் சோதனைப் பதிப்பைக் கேட்டு வாங்கி, புகார் சொன்னவரின் மேசையிலேயே, அவருடைய இணைப்பிலேயே, அவர் சொன்ன அதே மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். அலுவலக சர்வர் அறையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாமே வேகமாகத்தான் இருக்கும்.

## தூரத்து ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் என் ஃபயர்ஃபாக்ஸ் திறக்கிறது

இது லினக்ஸ் மேசைக்காரர்களுக்கு மட்டும். எக்ஸ் வழியாகப் போய் சர்வரில் ஃபயர்ஃபாக்ஸ் என்று தட்டுவீர்கள், சன்னலும் உடனே வரும், வேகத்தைப் பார்த்து மகிழ்வீர்கள். அப்புறம்தான் தெரியும், உங்கள் கணினியில் ஏற்கெனவே திறந்திருந்த உலாவியின் புதுச் சன்னல் அது என்று. ஒரே எக்ஸ் திரையில் இன்னொரு ஃபயர்ஃபாக்ஸ் ஓடுவதைக் கண்டுகொண்டு, வேலையை அதனிடமே ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும் வழக்கம் அதற்கு உண்டு. கட்டளையோடு 'நோ-ரிமோட்' விருப்பத்தைச் சேர்த்துத் தட்டுங்கள், தூரத்து உலாவியே வரும்.